ஞாயிறு மதியம் எல்லோரும் வாருங்கள்

குழு: பெரிய வீட்டு உறவுகள்

தங்கம் அத்தை: ஞாயிறு மதியம் எல்லோரும் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். எல்லோரும் என்றால் எல்லோரும். போன வாரம் வாசலில் நடந்ததைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும்.

மணி: வருகிறேன் அத்தை.

செல்வி: அம்மா, சரோஜா அத்தையிடம் நேரில் கேட்டீர்களா? குழுவில் போட்டால் போதுமா?

தங்கம் அத்தை: இரண்டு முறை போனேன். கதவு திறக்கவில்லை.

மணி: பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது?

செல்வி: அதை இப்போது கேட்காதே. பாகப்பிரிவினைச் சண்டையே அந்த அண்டாவில்தான் தொடங்கியது.

சண்முகம் பெரியப்பா: தங்கை சொல்வது சரி. 1947இல் கல்கத்தாவில் இந்து-முஸ்லிம் கலவரம் மீண்டும் மூண்டபோது செப்டம்பர் 1 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். அடிதடியில் இறங்கியவர்களே வந்து ஆயுதங்களை அவர் முன் வைத்தார்கள். இனிக் கலவரம் நடக்க விடமாட்டோம் என்று எல்லாத் தரப்புத் தலைவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். 4ஆம் தேதி சுஹ்ரவர்தி கொடுத்த பழச்சாற்றைக் குடித்து உண்ணாவிரதத்தை முடித்தார். ஓராண்டுக்கு முன் அதே நகரில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது வங்காளத்தின் பிரதமராக இருந்து பழி சுமந்தவர் அந்த சுஹ்ரவர்தி. அவர் கையால்தான் வாங்கிக் குடித்தார். அதை நாம் யோசிக்க வேண்டும்.

சரோஜா: பெரியத்தான், கல்கத்தா வரை போய் வந்துவிட்டீர்கள். உங்கள் மகன் கதிரின் பெயர் மட்டும் எங்கும் வரவில்லை.

மணி: சித்தி...

சரோஜா: என் மகனுக்குப் புருவத்துக்கு மேல் ஐந்து தையல். பிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கேட் சத்தம் கேட்டால் யாழினி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். நேற்று இரவு குனிந்து பார்த்தேன், அண்ணனின் செருப்பையும் உள்ளே வைத்திருக்கிறாள். ஏனடி என்றால், செருப்பு இல்லாவிட்டால் அண்ணன் வெளியே போக முடியாதாம். எல்லோரும் சமாதானம் சமாதானம் என்கிறீர்கள். என் காதில் அது ‘வாயை மூடு’ என்றுதான் விழுகிறது.

செல்வி: அத்தை, யாழினி இப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. மாலை வரட்டுமா?

சரோஜா: நீ வா.

தங்கம் அத்தை: நீ பேசத்தான் கூப்பிடுகிறேன் சரோஜா. நீ முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. என் அண்ணனும்தான்.

சண்முகம் பெரியப்பா: கதிர் பெயரைச் சொல்லாதது என் தவறு. மகன் என்பதால் விரல் தயங்கிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளைப் பற்றிப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையிலான ஆணையம் 1996இல் விசாரணையைத் தொடங்கியபோது முதலில் பேச வைத்தது பாதிக்கப்பட்டவர்களைத்தான். பொது மன்னிப்புக் கேட்டவர்கள் செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். 7,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை நிராகரித்தார்கள். மன்னித்தே ஆக வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நீயும் மன்னிக்க வேண்டியதில்லை அம்மா.

செல்வி: அப்படியானால் கதிர்தான் பேச வேண்டும் மாமா. அவனுக்காக நீங்கள் பேசக் கூடாது.

சண்முகம் பெரியப்பா: சரி.

மணி: அண்டா?

தங்கம் அத்தை: இருடா.

ரவி: பேசுவதென்றால் பேசிவிட்டுப் போகலாமே அக்கா. சாப்பாடு எதற்கு?

தங்கம் அத்தை: எட்டு வருடமாகப் பேசிவிட்டுத்தான் போகிறீர்கள் ரவி. நீ என்னிடம் வந்து அண்ணனைப் பற்றி, அண்ணன் என்னிடம் வந்து உன்னைப் பற்றி. கை சோற்றில் இருக்கும்போது யாரும் விரலை நீட்ட மாட்டார்கள். கோபித்து எழுந்தாலும் கை கழுவப் போக வேண்டும், அதற்குள் பாதி இறங்கிவிடும். அப்பா நம் மூன்று பேரையும் அப்படித்தான் உட்கார வைப்பார். மறந்துவிட்டதா?

ரவி: மறக்கவில்லை.

கதிர்: நான்தான் அடித்தேன். அவன் வண்டியை நகர்த்தச் சொன்னான், அவ்வளவுதான். கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அவன் திட்டினான் என்று அன்று அப்பாவிடம் நான் சொன்னது பொய். சித்தி, இதை ஞாயிறு எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். யாழினி இருக்கும்போது சொல்லலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சண்முகம் பெரியப்பா: கதிர், கீழே வா.

சரோஜா: அவள் முன்னால் வேண்டாம்.

தங்கம் அத்தை: அப்படியானால் வருகிறாயா சரோஜா?

மணி: அத்தை, எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும்?

தங்கம் அத்தை: 14.

செல்வி: சரோஜா அத்தை வீட்டையும் சேர்த்தா?

தங்கம் அத்தை: சேர்த்துத்தான்.

ரவி: அண்டா எங்கள் பரணில் இருக்கிறது. யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கதிர்: நான் வரட்டுமா சித்தப்பா?

சரோஜா: இன்றைக்கு வேண்டாம். மணி வரட்டும். கேட்டைத் தட்டாமல் போன் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.