இவானோவ் கடைசியில் பாய்ந்து வென்றது உத்தியா?

கேள்வி:
சோவியத் படகோட்டி வியாச்செஸ்லாவ் இவானோவ் 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் ஒற்றையர் துடுப்புப் படகோட்டத்தில் தங்கம் வென்றவர். பின்தங்கியிருந்து கடைசியில் முந்தினார் என்றே அவரைப் பற்றி எங்கும் எழுதுகிறார்கள். அது திட்டமிட்ட உத்தியா, அல்லது தொடக்கத்தில் அவருக்கு வேகம் போதவில்லையா?

மறுமொழி 1:
உத்தி என்றே கருதுகிறேன். 2000 மீட்டர் தூரத்தில் முதல் பகுதியிலேயே முழு வேகத்தைக் காட்டினால் தசைகள் விரைவில் சோர்ந்துவிடும் என்பதால், வலிமையைச் சேமித்து வைப்பவருக்கு இறுதியில் ஆதாயம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. துடுப்பு வலிப்பவர் படகின் பின்புறத்தை நோக்கி அமர்ந்திருப்பதால், முன்னால் செல்பவர் எதிராளிகள் அனைவரையும் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். பின்தங்கியவரோ திரும்பிப் பார்த்தால்தான் இடைவெளியை அறிய முடியும். அந்த நிலையிலும் பதறாமல் இருந்ததுதான் இவானோவின் தனித்திறமை.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் பாதியைத்தான் ஏற்கிறேன். 1956இல் பல்லாரட் நகரின் வெண்டூரி ஏரியில், 18 வயது இவானோவ் ஆஸ்திரேலியரான ஸ்டூவர்ட் மெக்கன்சியை இறுதிக் கட்டத்தில் முந்தியதை உத்தி எனலாம். (மகிழ்ச்சியில் அவர் மேலே எறிந்த பதக்கம் அந்த ஏரியிலேயே விழுந்து மூழ்கிவிட, பின்னர் வேறொன்று வழங்கப்பட்டது.) 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது வேறு. ஜெர்மனியின் ஆக்கிம் ஹில் வெகுவாக முன்னேறிவிட்டதால், அவரை எட்டிப்பிடிக்க வலித்த வலிப்பில் இவானோவ் சில நொடிகள் நினைவிழந்ததாகவே கூறப்படுகிறது. கணக்குப் போட்டு ஓட்டுபவர் அந்த எல்லைவரை போகமாட்டார். இருந்தும் 3.73 வினாடி வித்தியாசத்தில் வென்றார்.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. 1959இல் பிரான்சின் மாகோன் நகரில் 6 நிமிடம் 58.8 வினாடியில் முடித்தவருக்கு, டோக்கியோவில் 8 நிமிடம் 22 வினாடிக்கு மேல் ஆனது ஏன்?

மறுமொழி 2 எழுதியவர்:
காற்றுதான் காரணம். எதிர்க்காற்று அடித்தால் ஒரே படகோட்டிக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் கூடிவிடலாம். ஆகவேதான் படகோட்டத்தில் நேரத்தை வைத்து ஒருவரை எடைபோடுவதைவிட, அன்றைக்கு அதே நீரில் யாரை வென்றார் என்று பார்ப்பதே முறை. அந்த வகையில் 1960இலும் 1964இலும் அவருக்கு அடுத்து வந்தவர் அதே ஹில் என்பதைக் கவனியுங்கள். இவானோவின் பாய்ச்சலை ஒருமுறை நேரில் கண்டவருக்கே மறுமுறையும் அதைத் தடுக்க இயலவில்லை.