புதுப்பிப்பு: மார்சேய் துறைமுகக் கரையின் புதிய வீடுகள்

பிரான்சின் மார்சேய் நகரத்துப் பழைய துறைமுகத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் நிறுவிய ஊரில், வடகரை வீடுகள் மட்டும் ஏன் இவ்வளவு புதிதாக இருக்கின்றன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

காரணம் கொடியது. 1943 ஜனவரியில் நாஜிப் படையும் பிரெஞ்சுப் போலீசும் சேர்ந்து இங்கிருந்து சுமார் 20,000 பேரை வெளியேற்றின. அதே நாட்களில் நகரில் பிடிபட்ட நூற்றுக்கணக்கான யூதர்கள் சோபிபோர் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பிப்ரவரியில் ஏறத்தாழ 1,500 கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நகர மண்டபமும், முகப்பு முழுக்கக் கூர்முனைக் கற்கள் துருத்திநிற்கும் மெசோன் தியமான்தே என்ற பழைய மாளிகையும் தப்பின. மற்றவற்றில் பெரும்பாலானவை போருக்குப் பின் எழுந்தவை.

மண்டபத்துக்குப் பின்னால் மேடேறினால், தப்பிப் பிழைத்த பழைய குடியிருப்புப் பகுதியான லே பனியே. குறுகிய சந்துகள், படிக்கட்டுகள், ஜன்னலோரம் காயும் துணிகள். அங்கே வியேய் ஷாரித்தேயைத் தவறவிடாதீர்கள். 1671இல் ஏழைகளை அடைத்துவைக்கக் கட்டத் தொடங்கிய விடுதி அது. முற்றத்தைச் சுற்றி மூன்று அடுக்கு வளைவுத் தாழ்வாரங்கள், நடுவில் நீள்வட்டக் குவிமாடத்துடன் தேவாலயம். வடிவமைத்த பியேர் புஜே இதே ஊர்க்காரர். இப்போது உள்ளே அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. நான் தாழ்வாரத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். எனக்கு மார்சேயிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.