"என்ன பயன்?" கட்டத்தில் என்ன எழுதுவது?

பாசிக்காரி, ஊட்டி
ஊட்டி பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் வகுப்பு எடுக்கிறேன். சோலை மரப்பட்டையில் படரும் லைக்கன்கள் (பிரியாணியில் போடும் கல்பாசி வகையறாதான்) உறைபனியை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்க ஆசை. காய்ந்து கிடக்கும்போது தொட்டால் நொறுங்கும். பனி உருகி நனைந்ததும் ரப்பர் மாதிரி வளைகிறது. அந்த இடைவெளியில் உள்ளே என்ன நடக்கிறது? இதுதான் என் கேள்வி.

ஆராய்ச்சி மானியம் கேட்டு அனுப்பிய திட்டம் திரும்பி வந்துவிட்டது. விண்ணப்பத்தின் "என்ன பயன்?" கட்டத்துக்கு, "சமூகப் பயன் தெளிவில்லை" என்று குறிப்பு. கேள்வியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லும் மானியம்தான் அது! பேசாமல் மசாலாவுக்கு ஆகும் என்று எழுதிவிடட்டுமா?

முத்தோரைக்காரன்
வேண்டாம் மேடம். ஊட்டி பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீளம் 530 மீட்டர். மலைச்சரிவு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான். அதனால் கருவியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிறது, ஒரே அச்சில் சுழற்றியே வானப்பொருளைத் தொடரலாம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு 1970-ல் அதைக் கட்டி முடித்தது, ரேடியோ அலை வீசும் வானப்பொருள்களை நிலா மறைக்கும்போது ஆராய. பிறகு அதே கருவியில் சூரியக் காற்றையும் (சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்கள்) பார்த்தார்கள். செயற்கைக்கோள் வைத்திருப்பவனுக்கு அது வேண்டிய சமாச்சாரம். கட்டும்போது அதையா பயன் என்று காட்டினார்கள்?

கொடை வாத்தியார்
ஐயா, அந்தத் தொலைநோக்கியைக் கட்டியது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அணுசக்தித் துறைப் பணம். தனியாக மனுப் போடும் கல்லூரி ஆசிரியர் கதை வேறு.

2023 சட்டத்தில் வந்த அனுசந்தான் அறக்கட்டளைக்கு (ஆராய்ச்சிக்குப் பணம் தரும் மத்திய அரசு அமைப்பு) 5 ஆண்டில் 50,000 கோடி என்றார்கள். அரசு பட்ஜெட்டிலிருந்து 14,000 கோடி, மீதியில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும். லைக்கனுக்கு எந்தக் கம்பெனி கொடுக்கும்?

மேடம், மூணு வருஷத்தில் முடிகிற அளவுக்குக் கேள்வியைச் சுருக்குங்கள். வளர்ச்சி வேகத்தை விட்டுவிடுங்கள், பல லைக்கன்கள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்கூட வளராது. உறைபனிக்கு முன்னும் பின்னும் ஒளிச்சேர்க்கை எவ்வளவு குறைகிறது, எத்தனை மணி நேரத்தில் மீள்கிறது, அவ்வளவு போதும். கருவி வாங்கப் பணம் கேட்காமல் இரவல் பாருங்கள். அந்தப் பணத்தை ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) சம்பளத்துக்குக் கேளுங்கள். தவணை தாமதமானால் பையன் வேறு வேலைக்குப் போய்விடுவான், பிறகு யூசி (பணம் செலவான சான்றிதழ்) எழுதத்தான் நீங்கள் மிஞ்சுவீர்கள்.

பாசிக்காரி, ஊட்டி
மசாலாவை அடித்துவிட்டேன் சார். "சோலை பற்றிய அடிப்படை அறிவு" என்றே பயன் கட்டத்தில் எழுதப்போகிறேன், திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். ஒளிச்சேர்க்கை நிலையைக் காட்டும் குளோரோஃபில் ஒளிர்வை அளக்கும் கருவி கோவைப் பக்கம் யாரிடமாவது இரவல் கிடைக்குமா? உறைபனி தொடங்குவதற்குள் வேண்டும்.