கூடலூர் சாலையோரப் புல்வெளியில் ஆளில்லாத குதிரைகள்: யாரிடம் சொல்வது?

பனிச்சாலை:
வணக்கம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில், பைக்காராவுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையை ஒட்டிய புல்வெளியில் மூன்று குதிரைகள் நிற்கின்றன. வேலைக்காக அந்த வழியில்தான் போய்வருகிறேன். முதலில் யாரோ மேய விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் காலையிலும் அங்கேயே, இருட்டிய பிறகும் அங்கேயே. ஓட்டிப் போக ஆள் வந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒன்று பழுப்பு நிறப் பெண்குதிரை. விலா எலும்பை எண்ணிவிடலாம். முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைக்கிறது. கழுத்தில் அறுந்த நைலான் கயிறு இழுபடுகிறது. அதனோடு ஒரு குட்டி. கொஞ்சம் தள்ளி சாம்பல் நிற மட்டக்குதிரை ஒன்று. ராத்திரி பனி இறங்கினால் மூன்றும் தார்ச்சாலையில் ஏறி நின்றுகொள்கின்றன. அந்த வளைவில் லாரி வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

டீக்கடையில் கேட்டால் "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க" என்கிறார்கள். இரண்டு அலுவலகங்களுக்குப் போன் செய்தேன். "எங்க லிமிட் இல்லை" என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார். யாரிடம் சொன்னால் வேலை நடக்கும்? இப்படி விட்டுப்போவது குற்றமில்லையா? கொள்ளு வாங்கி வைத்திருக்கிறேன், போடலாமா?

நீலமலைவாசி:
முதலில் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள். இந்த விஷயத்தில் குதிரை யாருடையது என்பதைவிட நிலம் யாருடையது என்பதுதான் சீக்கிரம் பதில் கிடைக்கும் கேள்வி. ஊட்டி நகருக்குள் என்றால் நகராட்சி ஆணையருக்கு. ஊராட்சி எல்லை என்றால் ஊராட்சிக்கும் பிடிஓ-வுக்கும். வருவாய்த் துறைப் புறம்போக்கு என்றால் விஏஓ, தாசில்தார். நீங்கள் சொல்லும் பக்கம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளிகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி கால்நடை மேய்வதே தடை. வனத்துறையே பிடித்துப் பவுண்டில் (பிடிபட்ட கால்நடைகளை அடைத்துவைக்கும் பட்டி) அடைக்கலாம். புலி, சிறுத்தை நடமாடும் காடு அது. நொண்டும் குதிரையும் குட்டியும் நிற்கின்றன என்றால் ரேஞ்சர் அலுவலகம் அசட்டையாக விடாது.

போனில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். லொக்கேஷனோடு படம் எடுத்து, ஒரு பக்க மனு எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். நகல் ஒன்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸுக்கு. மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்குக் கலெக்டர்தான் தலைவர் என்பதால் மனு அங்கிருந்து தானாகக் கீழே இறங்கும். 1100 என்ற முதல்வர் உதவி மையத்திலும் பதிவு செய்தால் புகார் எண் கிடைக்கும். நம் ஊரில் எண் விழுந்த காகிதத்துக்குத்தான் கால் முளைக்கும்.

லாடமும்_கடிவாளமும்:
எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகக் குதிரைச் சவாரிதான் தொழில். அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஊட்டியில் ஆளில்லாமல் திரியும் குதிரைகளில் முக்கால்வாசிக்கு ஆள் உண்டு. ஏப்ரல், மே சீசனில் நாலு காசு வரும். மழை பிடித்துவிட்டால் சவாரி கிடையாது, தவிடும் வைக்கோலும் மட்டும் விலை குறையாது. அவிழ்த்து விட்டுவிடுவார்கள், அதுவாக மேய்ந்து வரட்டும் என்று. சீசன் வந்தால் தேடிப் பிடிப்பார்கள். நான் இதை நியாயப்படுத்தவில்லை. குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்று வயிறு அடைத்துச் செத்த குதிரையை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் "கைவிடப்பட்டது" என்று எழுதிவிட்டால், நாளை ஒருவன் வந்து "என் குதிரை, மேய விட்டிருந்தேன்" என்று ஓட்டிப் போய்விடுவான். கதை அங்கேயே முடியும். "ஆளில்லாமல், காயத்தோடு, சாலையில் நிற்கிறது" என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

ஆள் இருக்கிறதா என்று குளம்பைப் பார்த்தே சொல்லலாம். லாடம் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. லாடம் குளம்போடு ஒட்டி, வெளியே மடித்த ஆணி முனைகள் இறுக்கமாக இருந்தால் அண்மையில்தான் அடித்திருக்கிறார்கள். குளம்பு லாடத்தைத் தாண்டி வளர்ந்து தொங்கினாலோ, லாடமே இல்லாமல் முனை செருப்பு மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தாலோ, மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை. முதுகில் சேணம் உட்காரும் இடத்தில் திட்டுத்திட்டாக வெள்ளை மயிர் இருந்தால் பழைய புண் ஆறிய தழும்பு. சவாரிக் குதிரைதான்.

அப்புறம், இரண்டு பக்கமும் படம் எடுங்கள். நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, நெற்றியிலும் கழுத்திலும் உள்ள சுழி எல்லாம் தெரிய வேண்டும். நிறத்தை மட்டும் எழுதினால் ஊட்டியில் பழுப்புக் குதிரைக்கா பஞ்சம்? சுழி மாறாது.

தேயிலைத்தோட்டம்:
இவ்வளவு எதற்கு? நாலு பேர் சேர்ந்து கயிறு போட்டு, பிக்கப் வண்டியில் ஏற்றி நல்ல இடத்தில் விட்டால் முடிந்தது. எங்கள் தோட்டத்தில் இடம் இருக்கிறது.

சட்டக்குறிப்பு:
நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். ஆள் உள்ள குதிரை என்றால் திருட்டுப் புகார் உங்கள் மேல் திரும்பும்.

இனி பனிச்சாலை கேட்டதற்கு. குற்றம்தான். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11. பசியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, உரிமையாளர் தீனியும் தண்ணீரும் இருப்பிடமும் தராமல் இருப்பது இரண்டும் அதில் வருகின்றன. தண்டனையைக் கேட்டால் சிரிப்பீர்கள்: முதல் முறை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். 1960-இல் போட்ட தொகை இன்னும் அப்படியே இருக்கிறது. போதாததற்கு, இந்த இரண்டும் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடக்கூடிய குற்றங்கள் அல்ல. மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். ஸ்டேஷனில் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் மனுவில் சாலை ஆபத்தையும் சேர்த்து எழுதுங்கள். தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 291: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்குப் போலீஸ் காத்திருக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்ததும் மனு ஏற்பு ரசீது கேட்டு வாங்குங்கள்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று: வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே அதைக் கடத்திவிடுவார்கள். படங்களில் தேதி இருப்பது அதற்காகவும்தான்.

மாட்டாஸ்பத்திரி:
கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொள்ளை எடுத்து உள்ளே வையுங்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது சும்மா சொன்னதல்ல. பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென்று தானியம் போட்டால் இன்சுலின் ஏறி, இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயமே நின்றுபோகலாம். அதற்குத் தப்பினாலும் வயிற்றுவலி, குளம்பு அழற்சி என்று இழுத்துவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். காய்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை கொடுங்கள். தண்ணீர் தாராளமாக வையுங்கள், பெரிய குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும். தொட்டியைச் சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள். ஓரத்தில் வைத்தால் நீங்களே அவற்றைச் சாலைக்குக் கூப்பிட்ட மாதிரி.

தொடுவதற்கு முன் மூக்கைப் பாருங்கள். மஞ்சளாகக் கெட்டியான சளி வடிந்தாலோ, காலின் உட்புறமோ உடம்பிலோ கட்டிகள் உடைந்து சீழ் வடிந்தாலோ பக்கத்திலேயே போகாதீர்கள். கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும். சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய் அது. ஹரியானாவில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் ரத்தம் சோதிப்பார்கள். வாயில் எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் நின்றால் வெறிநோயாகவும் இருக்கலாம், வாய்க்குள் கைவிடக் கூடாது. இதெல்லாம் இல்லையென்றால் 1962-க்குப் போன் செய்யுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண். "குதிரை, முன்னங்கால் நொண்டல், குட்டியும் உண்டு" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மருந்தோடு வருவார்கள். பின்பக்கமாகப் போகாதீர்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நிற்கவே நிற்காதீர்கள்.

பனிச்சாலை:
அனைவருக்கும் நன்றி. போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மூக்கில் சளி இல்லை, கட்டியும் இல்லை. பழுப்புக் குதிரையின் முதுகில் உள்ளங்கை அளவு இரண்டு வெள்ளைத் திட்டு. லாடம் புதிதாகவே இருக்கிறது, நொண்டும் கால் உட்பட. சாம்பல் குதிரைக்கு லாடமே இல்லை. முன்குளம்பு இரண்டும் முனையில் வளைந்து, நடக்கும்போது பின்பக்கமாகச் சாய்கிறது. 1962-இல் பதிவு செய்தேன். ரேஞ்சர் அலுவலகத்தில் மனுவுக்கு முத்திரை வாங்கினேன். இடம் காப்புக்காட்டு எல்லைக்குள்தான் என்று வனக்காவலரே சொன்னார்.

லாடமும்_கடிவாளமும்:
அப்படியென்றால் பழுப்புக்கு ஆள் இருக்கிறது. புது லாடம் அடித்த காலிலேயே நொண்டல் என்றால் ஆணி சதையில் இறங்கியிருக்கும். டாக்டரிடம் அதையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல்தான் உண்மையிலேயே விட்டுப்போனது. வயதாகியிருக்கும்.

பனிச்சாலை:
நீங்கள் சொன்னதேதான். டாக்டர் லாடத்தைக் கழற்றி ஓர் ஆணித் துளையைச் சுரண்டியதும் கறுப்பாகச் சீழ் வடிந்தது. கழுவிக் கட்டுப்போட்டு டெட்டனஸ் ஊசி போட்டார். குதிரைக்கு அது மற்ற கால்நடைகளைவிடச் சீக்கிரம் வரும் என்றார். வனத்துறை ஆட்கள் மூன்றையும் பவுண்டுக்குக் கொண்டுபோனார்கள். பழுப்புக்காரர் தேடிக்கொண்டு வந்துவிட்டார், அபராதம் கட்டி, எழுதிக் கொடுத்துவிட்டுக் குட்டியோடு ஓட்டிப் போனார். சாம்பலைக் கேட்டு யாரும் வரவில்லை. இனி அதை என்ன செய்வார்கள்?

சட்டக்குறிப்பு:
1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதில் குதிரையும் கால்நடைதான். ஏழு நாளுக்குள் யாரும் வராவிட்டால் போலீஸுக்குத் தெரிவித்து அறிவிப்பு ஒட்டுவார்கள். அதற்குப் பிறகு ஏழு நாள். அப்போதும் வராவிட்டால் பொது ஏலம். ஏலம் எடுப்பவர் மறுபடி சவாரிக்குப் பூட்டலாம், தடுக்க வழியில்லை. வழக்கு ஏதாவது பதிவானால், குதிரையைக் காப்பகத்தில் வைத்துப் பராமரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதற்கு யாராவது போய்க் கேட்க வேண்டும்.

நீலமலைவாசி:
மசினகுடி பக்கம் மாவநல்லாவில் ஐபான் என்ற காப்பகம் இருக்கிறது. குதிரை, கழுதைகளை வைத்துப் பராமரிக்கிறார்கள். இடம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருக்கிறது என்றால் அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கி, ஏல அறிவிப்பு முடிவதற்குள் கலெக்டருக்கு இன்னொரு மனு போடுங்கள்.

மாட்டாஸ்பத்திரி:
ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் வேறு குதிரைகளோடு சேர்க்க விடாதீர்கள். குளம்பையும் ஒரேயடியாக வெட்டவிடக் கூடாது, சில வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய வேண்டும். லாடக்காரரைக் கேட்டு வையுங்கள்.

லாடமும்_கடிவாளமும்:
லாடத்துக்கு நான் வருகிறேன். கூலி வேண்டாம், டீசல் போட்டால் போதும்.

தேயிலைத்தோட்டம்:
டீசல் என் கணக்கு. காப்பகத்தில் இடம் இல்லையென்றால் முறைப்படி ஏலத்தில் நானே கேட்கிறேன். எந்தப் பவுண்டு, எந்தத் தேதி என்று தெரிந்ததும் இங்கேயே போடுங்கள்.