ஆதிமனிதர் பாடத்தைப் பட்டியலாக இல்லாமல் எப்படி நடத்துவது?

சாக்பீஸ்_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பதினொரு வருஷமாக இந்தப் பாடத்தை ஒரே மாதிரிதான் நடத்தி வருகிறேன். பழைய கற்காலம், இடைக் கற்காலம், புதிய கற்காலம் என்று போர்டில் மூன்று கட்டம் போடுவேன். ஒவ்வொன்றின் கீழும் கருவி, உணவு, இருப்பிடம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அப்படியே எழுதி மார்க்கும் வாங்கிவிடுவார்கள்.

போன வாரம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், எழுத்தே இல்லாத காலம்னு சொல்றீங்க. அப்புறம் இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?" தோண்டிக் கண்டுபிடித்தார்கள் என்றேன். "சரி, எலும்பு கிடைச்சுது. அது முப்பது லட்சம் வருஷம் பழசுன்னு அந்த எலும்பா சொல்லும்?" என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அவன் கேட்டதுதான் உண்மையான பாடம். இத்தனை வருஷமாக அதைத் தொடாமலே நடத்தியிருக்கிறேன்.

இந்த முறை மாற்றி நடத்த ஆசை. நான்கு பீரியட் இருக்கிறது, ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். வகுப்பில் 42 பேர். மண்டையோட்டு மாதிரி, கல் கருவி எதுவும் கைவசம் இல்லை. இந்தப் பையன் கேட்டதோடு இன்னும் இரண்டு இடத்திலும் தடுமாறுகிறேன். லட்சம், கோடி என்று சொன்னால் காலத்தின் நீளம் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. ஆதிமனிதர்கள் டைனோசரை வேட்டையாடியதாகப் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அடுத்தது, "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?" என்ற கேள்வி. வருஷம் தவறாமல் வருகிறது. நான் சொல்லும் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வாத்தியார்:

டீச்சர், காலத்துக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஓய்வு பெறும் வரை இருபது வருஷம் இதைத்தான் செய்தேன். ஒரு கயிறும் ஒரு இஞ்ச் டேப்பும் போதும்.

ஒரு மில்லிமீட்டர் என்றால் ஆயிரம் வருஷம். கணக்கு அவ்வளவுதான். ஏழு மீட்டர் கயிற்றை வகுப்பின் குறுக்கே கட்டுங்கள். ஒரு முனை இன்று. மறு முனை எழுபது லட்சம் வருஷத்துக்கு முன்னால், நம் வழியும் சிம்பன்சியின் வழியும் பிரிந்த காலம் ஏறத்தாழ அங்கேதான் வரும். எங்கே எதைக் கட்டுவது என்று பிள்ளைகளையே அளக்க விடுங்கள். எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த, லூசி என்று பெயர் வைத்த ஆதிமனிதப் பெண்ணின் எலும்புக்கூடு 3 மீட்டர் 20 சென்டிமீட்டரில். கென்யாவின் லொமெக்வியில் கிடைத்த, இதுவரை தெரிந்ததில் மிகப் பழைய கல் கருவிகள் 3 மீட்டர் 30இல். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த, நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் இன்றைய முனையிலிருந்து 30 சென்டிமீட்டரிலேயே வந்துவிடும்.

அப்புறம் விவசாயம் எங்கே என்று கேளுங்கள். கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர். எழுத்து 5 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டி. ஒரு தடவை ஒரு பெண் கயிற்றின் முனையில் தன் கட்டை விரலை வைத்துப் பார்த்தாள். "சார், நம்ம வரலாற்றுப் புத்தகம் மொத்தமும் என் நகத்துக்கு அடியில இருக்கு" என்றாள். வகுப்பே எழுந்து வந்து ஒவ்வொருவராக விரலை வைத்துப் பார்த்தது. அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டைனோசருக்கும் இதே கயிறுதான். அவை அழிந்து 6.6 கோடி வருஷம், அதாவது 66 மீட்டர். ஒரு பையனை 66 மீட்டர் அளந்து போய் நிற்கச் சொல்லுங்கள். வகுப்பு, வராந்தா எல்லாம் தாண்டி மைதானத்துக்கே போய்விடுவான். அவன் நிற்கும் இடத்தை ஜன்னல் வழியாகக் காட்டி, மனிதர்கள் இந்த ஏழு மீட்டருக்குள்தான் என்று சொன்னால் போதும். அந்தக் குழப்பம் திரும்ப வரவே வராது.

மண்ணும்_தூரிகையும்:

நான் ஆசிரியர் இல்லை. சில வருஷம் அகழாய்வுக் குழிகளில் வேலை பார்த்தவன். அந்தக் கடைசி பெஞ்ச் தம்பிக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள் டீச்சர். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான்.

அவனுக்குப் பதில்: எலும்பு சொல்லாது, அது கிடந்த மண் சொல்லும். கிழக்கு ஆப்பிரிக்காவில் எரிமலைச் சாம்பல் படலம் படலமாகப் படிந்திருக்கிறது. எரிமலைக் குழம்பில் பொட்டாசியம் இருக்கும். அதில் ஒரு வகை மிக மெதுவாகச் சிதைந்து ஆர்கான் வாயுவாகும். பாதி சிதைய 125 கோடி வருஷம் ஆகும். குழம்பாகக் கொதிக்கும்போது பழைய ஆர்கான் வெளியேறிவிடும். இறுகிய பிறகு உண்டாவது படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதை அளந்தால் சாம்பலின் வயது தெரியும். எலும்புக்கு மேலே உள்ள படலம் 30 லட்சம், கீழே உள்ளது 34 லட்சம் என்றால், எலும்பு அந்த இரண்டுக்கும் நடுவில். எல்லாவற்றையும் கார்பனை வைத்துத்தான் கணிக்கிறார்கள் என்று பல பேர் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது தவறு. உயிர்களின் உடலில் இருக்கும் கார்பன் 14 என்ற வகையின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 5,730 வருஷம்தான். ஏறத்தாழ 50,000 வருஷத்துக்கு அப்பால் அது உதவாது. லூசியிடம் அது செல்லுபடியாகாது.

ஆனால் வகுப்பில் இதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். லேட்டோலியிலிருந்து ஆரம்பியுங்கள். டான்சானியாவில் இருக்கிறது. 1976இல் அங்கே வந்திருந்த ஆய்வாளர்கள் சிலர் காய்ந்த யானைச் சாணத்தை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடியிருக்கிறார்கள். அதற்குத் தப்பிக் குனிந்து தரையில் விழுந்தவர் கண்ணில் மிருகங்களின் கால்தடங்கள் பட்டன. இரண்டு வருஷம் கழித்து தொல்லியல் ஆய்வாளர் மேரி லீக்கியின் குழு அதே பகுதியில் இரண்டு காலில் நடந்தவர்களின் தடங்களைக் கண்டது. 36 லட்சம் வருஷத்துக்கும் முந்தையவை. ஏறத்தாழ 27 மீட்டர் தூரத்துக்கு 70 தடங்கள். புதிதாக விழுந்த சாம்பலில் லேசாக மழை தூறி, அதன்மேல் நடந்திருக்கிறார்கள். மழைத்துளி விழுந்த குழிகள்கூட அப்படியே இருக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நாலைந்து பேரை வெறுங்காலில் நடக்க வைத்துத் தடங்களைப் பதியுங்கள். யார் நடந்தார்கள் என்று மற்றவர்களிடம் சொல்லாதீர்கள். எத்தனை பேர், எவ்வளவு உயரம், ஓடினார்களா நடந்தார்களா என்று தடத்தை மட்டும் வைத்துச் சொல்லட்டும். பாதத்தின் நீளம் உயரத்தில் 15 சதவீதம் அளவுக்கு இருக்கும், முதலில் தங்கள் காலையே அளந்து இதைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். நோட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் 'கண்ணால் கண்டது', மறு பக்கம் 'நான் ஊகித்தது' என்று எழுதச் சொல்லுங்கள். குழிக்குள் நாங்கள் நாள் முழுக்கச் செய்வதும் அதுதான்.

கல்லைச் செதுக்கிக் காட்ட ஆசைப்பட்டால் நீங்கள் மட்டும் வெளியே செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி. சில்லு கண்ணில் பட்டால் கண் போய்விடும். உதிர்ந்த சில்லுகளை ஒரு தட்டில் பரப்பி, தானாக உடைந்த கற்களையும் கலந்து வையுங்கள். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிப்பி முதுகு போல ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

உயிரியல்_மேடம்:

குரங்குக் கேள்விக்கு நான் வருகிறேன். அந்தக் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. அதைப் பொறுமையாக எடுத்துக் காட்டினாலே போதும். சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. "உன் பெரியப்பா பிள்ளையும் நீயும் ஒரே தாத்தாவின் வழி. நீ பிறந்ததால் அவன் இல்லாமல் போய்விட்டானா?" என்று கேட்டால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சிம்பன்சியும் அதே எழுபது லட்சம் வருஷம் தன் வழியில் மாறிக்கொண்டு வந்ததுதான். இதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

குனிந்த குரங்கிலிருந்து நிமிர்ந்த மனிதன் வரை வரிசையாக நடந்து போகும் படம் ஒன்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். 1965இல் வரையப்பட்ட ஒரு படத்தின் வழி வந்தது அது. தயவுசெய்து அதை மட்டும் போர்டில் வரையாதீர்கள். ஒருவர் மாறி அடுத்தவர் ஆனார் என்று மனதில் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. பழைய வாத்தியார் சார் சொன்ன கயிற்றில் 6 சென்டிமீட்டரில் நின்று பாருங்கள். நாம் இருக்கிறோம், வேறு மனித வகைகளான நியாண்டர்தால்கள் இருக்கிறார்கள், டெனிசோவன்கள் இருக்கிறார்கள், இந்தோனேசியாவின் ஃப்ளோரெஸ் தீவில் மூன்றரை அடி உயரத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் வாழ்ந்தவர்கள். நாம் மட்டும் மிஞ்சியிருப்பதுதான் இந்தக் கதையில் புதுசு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் டி.என்.ஏ.வில் ஒன்றிரண்டு சதவீதம் நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

"எங்க வீட்டில் கடவுள் படைத்தார் என்று சொல்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் அந்தப் பிள்ளையைச் சபையில் மடக்காதீர்கள். என்ன ஆதாரம் கிடைத்திருக்கிறது, அதிலிருந்து ஆய்வாளர்கள் எதை முடிவு செய்கிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதைத்தான் நான் சொல்லித்தருகிறேன் என்பேன். அதோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

ஆய்வாளர்களும் தவறியிருக்கிறார்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். 1912இல் இங்கிலாந்தில் அறிவித்த பில்ட்டவுன் மண்டையோடு, மனித மண்டையோட்டுடன் உராங்குட்டான் குரங்கின் தாடையைச் சேர்த்துப் பல்லை அரம் போட்டுத் தேய்த்த மோசடி. 1953இல்தான் வெளிப்பட்டது. அதை அம்பலப்படுத்தியதும் ஆய்வாளர்கள்தான்.

சாக்பீஸ்_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பீரியட் முடிந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கயிறு பிரமாதம் சார். 66 மீட்டருக்குப் போன பிள்ளை அங்கிருந்து கை ஆட்டினாள், வகுப்பு மொத்தமும் ஜன்னலில்.

கால்தடத்துக்குச் சாம்பலும் மணலும் தேட நேரமில்லை. காலைத் தண்ணீரில் நனைத்துச் சிமென்ட் வராந்தாவில் நடக்க வைத்தேன். வெயிலில் அளக்க அளக்கக் காய்கிறது! முதல் குழு மூன்றாவது தடத்துக்கு வருவதற்குள் முதல் தடம் மறைந்துவிட்டது. சாக்பீஸால் ஓரத்தை வரைந்து பிடிக்கப் பார்த்தார்கள், அதற்குள் குதிகால் போய் விரல்கள் மட்டும் நின்றன. அந்தக் கடைசி பெஞ்ச் பையன் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். "டீச்சர், அப்போ நடந்தவங்க எல்லாரோட தடமும் இப்படித்தானே போயிருக்கும்? சாம்பல்ல நடந்தவங்க மட்டும்தான் நமக்குத் தெரியுறாங்க" என்றான்.

லேட்டோலியில் ஒருவர் முன்னால் போனவரின் தடத்திலேயே கால் வைத்து நடந்திருக்கிறார் என்று படித்தேன். ஏன் என்று ஊகித்து எழுதச் சொன்னேன். வழுக்கியிருக்கும், பயந்திருப்பார்கள், விளையாட்டு என்று பலவும் வந்தன. அவன் 'கண்டது' பக்கத்தில் "ஒரு தடத்துக்குள் இன்னொரு தடம்" என்று எழுதிவிட்டு, 'ஊகித்தது' பக்கத்தைக் காலியாக விட்டிருந்தான். இன்னும் யோசிக்கிறானாம்.

வியாழக்கிழமை கல் சில்லு. மண்ணும் தூரிகையும் சார், தானாக உடைந்த கல்லும் அடித்து உடைத்த கல்லும் எந்த விகிதத்தில் கலந்து வைக்கலாம்?

மண்ணும்_தூரிகையும்:

பத்துக்கு இரண்டு அடித்தது போதும் டீச்சர். குழியில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.