அப்பாவுக்கு அமைலாய்டோசிஸ்னு சொல்லிட்டாங்க, எந்த டாக்டர்கிட்ட போகணும்?

திருச்சி_மகள்:
அப்பாவுக்கு 66 வயசு. தீபாவளிக்கு முன்னாடியே கால் வீக்கம், மாடி ஏறினா மூச்சு வாங்கறதுன்னு ஆரம்பிச்சுது. எக்கோல ஹார்ட் சுவர் தடிச்சிருக்குன்னு சொல்லி பிபி மாத்திரை குடுத்தாங்க, அதைப் போட்டா எந்திரிச்சு நின்னாலே தலை சுத்துது. யூரின்ல நுரை நுரையா போகுதுன்னு கிட்னி டாக்டர்கிட்ட காட்டினோம், அவர் வயித்துல கொஞ்சம் கொழுப்பு உறிஞ்சி டெஸ்ட்டுக்கு அனுப்பி அமைலாய்டுன்னு சொல்லிட்டார். இப்ப ஹார்ட் டாக்டர் கிட்னியைப் பாருங்கங்கறார், கிட்னி டாக்டர் ஹார்ட்டைப் பாருங்கங்கறார். யார்கிட்டதான் போறது?

வேலூர்வாசி:
அமைலாய்டோசிஸ்னா உருக்குலைஞ்ச புரோட்டீன் உறுப்புகள்ல போய்ப் படியற நோய், அதுல பல வகை இருக்கு. வகை என்னன்னு ரிப்போர்ட்ல இருக்காம்மா? காங்கோ ரெட் (அமைலாய்டைக் காட்டற சாயம்) பாசிட்டிவ்னு மட்டும் இருந்தா அது பத்தாது, எந்தப் புரோட்டீன் படிஞ்சிருக்குன்னு தெரிஞ்சாதான் மருந்தே முடிவாகும். ஏஎல்ங்கற வகைன்னா எலும்பு மஜ்ஜைல இருக்கற பிளாஸ்மா செல் (நோய் எதிர்ப்புப் புரோட்டீன் தயாரிக்கற செல்) தப்பான லைட் செயினை (அந்தப் புரோட்டீனோட ஒரு பகுதி) உற்பத்தி பண்ணித் தள்ளுது, அது ஹார்ட், கிட்னி, நரம்புன்னு போய்ப் படியும். அதுக்கு டாக்டர் ஹெமட்டாலஜிஸ்ட்தான், அதாவது ரத்த நோய் டாக்டர். சீரம் ஃப்ரீ லைட் செயின் (ரத்தத்துல லைட் செயின் எவ்வளவுன்னு பாக்கறது), அப்புறம் ரத்தத்துலயும் யூரின்லயும் இம்யூனோஃபிக்சேஷன் (தப்பான புரோட்டீன் இருக்கான்னு பாக்கறது), இந்த மூணையும் உடனே எடுங்க. சாதா புரோட்டீன் எலக்ட்ரோஃபோரஸிஸ் டெஸ்ட் நார்மல்னு யாராச்சும் சொன்னா அதோட விட்டுடாதீங்க, ஏஎல் அதுல தெரியாமலே போகலாம்.

ரிட்டயர்டு_வாத்தியார்:
எங்க அண்ணனுக்கு ஏடிடிஆர் வகை. லிவர் தயாரிக்கற டிரான்ஸ்தைரெடின்ங்கற புரோட்டீன் உருக்குலைஞ்சு ஹார்ட்ல படியறது. ஹார்ட்ல தெரியறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே ரெண்டு மணிக்கட்டுலயும் கார்பல் டனலுக்கு (அங்க நரம்பு அழுந்தறது) ஆபரேஷன் ஆச்சு, அப்ப யாருக்கும் சந்தேகமே வரல. ஹார்ட்ல அது படிஞ்சிருக்கறதைக் காட்டற பிஒய்பி ஸ்கேன்ல தெரிஞ்சு இப்ப டஃபமிடிஸ்ங்கற மருந்துல இருக்கார், கார்டியாலஜிஸ்ட்தான் பாக்கறார். நீங்களும் அந்த ஸ்கேன் எடுத்துப் பாருங்களேன்.

வேலூர்வாசி:
சார், ஸ்கேன் அப்புறம். ஏஎல்லயும் அந்த ஸ்கேன் பாசிட்டிவ் காட்டலாம், லைட் செயின் பாக்காம அதை மட்டும் நம்பினா வைத்தியமே தப்பாயிடும். யூரின்ல புரோட்டீன் அதிகமா போறதும் ஏஎல் பக்கம்தான் கை காட்டுது.

திருச்சி_மகள்:
ரிசல்ட் வந்துடுச்சு சார். லாம்ப்டாங்கற லைட் செயின் ரொம்ப அதிகம், கப்பா-லாம்ப்டா ரேஷியோ 0.08. ஹெமட்டாலஜின்னதும் அப்பா "எனக்கு கேன்சரா"ன்னு கேக்கறார், என்ன சொல்றதுன்னே தெரியல.

வேலூர்வாசி:
0.26ல இருந்து 1.65 வரைக்கும்தான் நார்மல், இது ரொம்பக் கீழ. இது கேன்சர்ங்கற கணக்குல வராதுப்பா, ஆனா மருந்து மைலோமாங்கற பிளாஸ்மா செல் கேன்சருக்குக் குடுக்கறதுதான்னு உள்ளதையே அப்பாகிட்ட சொல்லிடுங்க. போர்டிசோமிப், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டெக்ஸாமெத்தசோன், கூடவே டராடுமுமாப், இந்த நாலும் சேர்ந்ததுக்கு அமெரிக்காவுல 2021ல அனுமதி குடுத்தாங்க. டராடுமுமாப்தான் காசு, மத்ததுக்கு இங்க ஜெனரிக் இருக்கு. என் வீட்டுக்காரிக்கு சிஎம்சி ஹெமட்டாலஜிலதான் பாத்தோம், அப்பாயின்ட்மென்ட் போடறப்ப எந்த கேம்பஸ்னு பாத்துக்கங்க. பயாப்ஸி ஸ்லைடு, பிளாக் (மெழுகுல பதிச்ச திசு), எக்கோ, ஈசிஜி எல்லாம் கையோட கொண்டு போங்க, பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது. என்டி ப்ரோ பிஎன்பி, ட்ரோபோனின்னு ஹார்ட் பாதிப்பைக் காட்டற ரத்த டெஸ்ட் ரெண்டும் எடுத்துட்டுப் போனா ஹார்ட் எந்த ஸ்டேஜ்னு அன்னிக்கே சொல்லிடுவாங்க. பிபி மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா தலை சுத்தறதை இன்னிக்கே போன் பண்ணி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ஏஎல்ல ஹார்ட் பாதிச்சிருந்தா வாரக்கணக்குல தள்ளிப் போடக் கூடாதும்மா.

திருச்சி_மகள்:
ரொம்ப நன்றி சார். ஸ்லைடு கேட்டா லேப்ல லெட்டர் வேணும்கறாங்க, காலைல போய் வாங்கிட்டு வந்துடறேன்.