ஆட்டைக் கண்டால் கூப்பிட்டும் வராத நாட்டு நாய்: வழி சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் 2 வயது நாட்டு நாய் ஒன்றைப் பழக்கி வருகிறோம். வீட்டுக்குள் ஒரு குரலுக்கு ஓடி வரும். ஆட்டு மந்தை தெரிந்தால் போதும், கூப்பிடுவது காதிலேயே ஏறாது.

காலைச் சாப்பாட்டில் பாதியைக் கையிலேயே ஊட்டுகிறோம். வெயில் ஏறுமுன் அரை மணி நடை. மோப்பம் பிடிக்க நின்றால் இழுப்பதில்லை. கூப்பிட்டு வந்த நொடியே பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு, உப்பும் எலும்பும் இல்லாமல். கொஞ்சம் தாமதித்தாலும் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. திட்டவோ குளிப்பாட்டவோ கூப்பிடுவதே இல்லை, அப்புறம் அந்தக் குரலுக்கே பயப்படும். வெளியில் 10 மீட்டர் கயிறு. கழுத்துப் பட்டையில் கட்டினால் ஓடும் வேகத்தில் தொண்டை அடிபடும் என்பதால் மார்புப் பட்டையில்தான்.

மந்தை 100 மீட்டரில் இருந்தால் கோழித்துண்டைத் தின்கிறது. 50க்குள் போனால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த இடைவெளியை ஒரு தடவைக்கு எவ்வளவு குறைக்கலாம்? முதலில் கட்டிப்போட்ட ஒற்றை ஆட்டை வைத்துப் பழக்குவது நல்லதா? அக்கம்பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்கள் யாராவது காலையில் கொஞ்ச நேரம் உதவ முடியுமா?

அடித்துத் திருத்தும் யோசனை மட்டும் வேண்டாம். அடி விழுந்தால் ஆட்டைக் கண்டாலே வலி நினைவு வந்து, இன்னும் மூர்க்கமாகப் பாயும்.